பூஜைக்கு மட்டும் திறக்கும் அறை

நிர்மலாவுக்கு மெதுவாகப் பேச வராது. புருஷனோடு ஃபோனில் பேசினாலே வாசலில் இருக்கும் வாட்ச்மேனுக்குக் கேட்கும். எங்கள் ஐ.டி.ஐ.யில் அவள் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறாள். நான் ஜூலி, ஆபீசில் இருக்கிறேன். அவளுடைய பட்டறைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு சுவர், அதுவும் பாதிச் சுவர். அவளைப் பற்றிச் சொல்ல நான் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற சின்ன ஐ.டி.ஐ. எங்களுடையது. டிரஸ்ட்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார்கள், சுதந்திர தினத்துக்கும் ஆயுத பூஜைக்கும். இரண்டு தடவையும் சால்வையோடு திரும்பிப் போவார்கள்.

நிர்மலாவுக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர் பக்கம். அப்பா பழனிமுத்து டிராக்டர் வைத்திருந்தார். டிராக்டர் நின்றுபோனால் அவர் மெக்கானிக்கைத் தேடிப் போவார். திரும்பி வருவதற்குள் மகள் அதன் அடியில் படுத்துக் கிடப்பாள். படிக்கப் போன இடத்தில் ஃபிட்டர் வகுப்பில் பெண் அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பழைய லேத்தில் நின்று இரும்பு கடைந்தாள். அங்கேயே கம்பெனி பஸ் ஓட்டின விஜய்குமாரைக் கட்டிக்கொண்டாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் கம்ப்யூட்டர் மெஷின்கள் வந்து இறங்கின. எண்களைக் கொடுத்தால் தானே கடைந்து தள்ளுகிற சி.என்.சி. லேத். பழைய லேத்துகளைக் கழற்றி எடுத்துப் போனார்கள், அதில் நின்றவர்களைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். அட்டைப்பெட்டியை மடி, டேப்பை ஒட்டு, அடுக்கு. எனக்கும் அந்த மெஷினைச் சொல்லிக்கொடுங்கள் என்று நிர்மலா கேட்டிருக்கிறாள். "ஏன், உங்க ஐ.டி.ஐ.யில சொல்லிக்கொடுக்கலியா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார் சூப்பர்வைசர். அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கொஞ்ச நாள் பெட்டி மடித்துவிட்டு, வேலையை உதறிவிட்டு, காண்ட்ராக்டில் எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

வந்த முதல் வாரமே சத்தம் ஆரம்பித்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் மாதக்கணக்கில் அரம் பிடித்து இரும்புத் துண்டை ராவிக்கொண்டே இருப்பார்கள். நாலு பக்கமும் சதுரமாக வருகிறவரை ராவ வேண்டும், வந்த பிறகு இன்னொரு துண்டு. நிர்மலா அரத்துக்கு விரோதி இல்லை. "அரம் புடிச்ச கைக்குத்தான் இரும்போட கொணம் தெரியும். அதுக்காக வெளிய போற வரைக்கும் ராவிக்கிட்டேவா இருக்கோணும்?" என்பாள். பாடம் நடத்துவது கன்னடத்தில், ஏனென்றால் பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு அதுதான் வரும். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவாள். அதனால் எங்கள் ஐ.டி.ஐ.யில் தமிழே தெரியாத பிள்ளைகளுக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்களிடமே ஒரு சி.என்.சி. லேத் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியின் நன்கொடையில் வந்தது. ரிப்பன் வெட்டினார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள், வந்த என்ஜினீயர் ஓட்டிக் காட்டினார். அட்மிஷன் நோட்டீசின் முதல் பக்கத்தில் அதன் படத்தைப் போட்டார்கள். பிறகு இரும்புக் கதவு வைத்த அறையில் தள்ளிப் பூட்டினார்கள். அந்தக் கதவு வருஷத்தில் ஒரே நாள், ஆயுத பூஜை அன்று திறக்கும். பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்காமல் அதன் மேலேயே சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. தேங்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து, மறுபடியும் பூட்டிவிடுவார்கள். மெஷினுக்கு இருந்த மரியாதையைப் பார்த்தால் எனக்கே ஒரு கோரிக்கை வைக்கலாமா என்று தோன்றும்.

சாவி பிரின்சிபால் தேவநேசன் சாரிடம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுப்பவர், ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைப்பவரும் அவரே. மைசூரில் பட்டறை வைத்திருக்கிறவர்கள் அந்த ஒரு நாளில் மதம் பார்ப்பதில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். பயந்தவர்கள் செய்கிற கெடுதலை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை, அதையும் நல்ல எண்ணத்தோடுதான் செய்வார்கள்.

போன வருஷம் ஹெப்பாளிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்கக் கூப்பிட்டது. பிள்ளைகளை வேனில் ஏற்றுவதற்கு முன் சார் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "சி.என்.சி. தெரியுமான்னு கேட்டா தெரியும்னு தைரியமா சொல்லுங்க. மெஷின் நம்மகிட்ட இருக்குல்ல? அது பொய் இல்ல."

முதல் மார்க் வாங்கின பாக்கியலட்சுமி தைரியமாகத்தான் சொன்னாளாம். அப்படியானால் ஓட்டிக்காட்டு என்று மெஷின் முன்னால் நிறுத்தினார்கள். அதை எங்கே ஆன் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூட நின்ற கம்பெனிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவளையும் இன்னும் சிலரையும் பாவம் பார்த்துப் பேக்கிங்குக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் சர்ட்டிபிகேட் வாங்க வந்தவள் நேரே பட்டறைக்குள் போனாள். "மேடம், தெரியும்னு சொல்லச் சொன்னாங்களே, நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க? எனக்கு என்ன தெரியும்னு நினைச்சு நின்னீங்க?" என்று கேட்டாள். நிர்மலா கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள்.

பிறகு பாக்கியலட்சுமியின் தோளைப் பிடித்துச் சொன்னாள். "அடுத்த தடவை அந்தக் கம்பெனி ஆள் எடுக்கறப்ப நீ அந்த மெஷினை ஓட்டிக் காட்டோணும். அதுக்கு நானாச்சு."

நேராக சாரின் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். சாத்தினதால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

"சாவி வேணுங்க சார்."

"பேடாம்மா நிர்மலா, வேண்டாம், அதெல்லாம் பெரிய ரிஸ்க். பசங்க கை வெச்சு ஏதாவது உடைஞ்சா யாரு பதில் சொல்றது? டிரஸ்டுக்கு நான் என்ன சொல்வேன்?"

"ஓட்டாம வெச்சிருந்தா மட்டும் யாருக்கு என்ன பதில் சொல்றீங்க? அந்தப் புள்ளைக்கு என்ன பதில் வெச்சிருக்கீங்க?"

"நீ முதல்ல ஓட்டுவியா அதை? ட்ரெயினிங் எடுத்திருக்கியா?"

"இல்லீங்க. எனக்கும் தெரியாது."

"பார்த்தியா!" என்றார் சார், ஏதோ கேஸ் ஜெயித்துவிட்டவர் மாதிரி.

"தெரியாதுன்னுதானே சாவி கேக்கறேன். தெரிஞ்சா எதுக்குங்க கேக்கறேன்?"

சாவி வரவில்லை. அதனால் நிர்மலா ஆயுத பூஜைக்காகக் காத்திருந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்கூட. மத்தியானச் சாப்பாட்டில் அவள் அமைதியாக இருந்ததைப் பார்த்து, உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

பூஜை அன்று வாழைக்கன்று கட்டியாயிற்று. பழைய லேத், டிரில்லிங் மெஷின், அரங்கள், சுத்தியல், என் ஆபீஸ் பிரிண்டர் உட்பட எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. டிரஸ்ட் தலைவர் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூட்டைத் திறந்து, உறைமேல் மாலை போட்டு, கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தார்கள். நிர்மலா முன்னால் போனாள். மாலையைக் கழற்றிப் பக்கத்து ஸ்டூலில் பத்திரமாக வைத்தாள். பிறகு பிளாஸ்டிக் உறையை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்துக் கிழித்தாள்.

"ஏய், ஏய், என்னம்மா இது!" என்றார் தேவநேசன் சார். "இன்னைக்கு எதையும் ஓட்டக்கூடாதும்மா. ஆயுதத்துக்கெல்லாம் இன்னைக்கு ஓய்வு."

"உழைச்சதுக்குத்தானுங்க ஓய்வு. இது வந்து மூணு வருஷமா ஓய்வுலதான் இருக்குது."

"நாளைக்கு விஜயதசமி. நல்ல நாள். நாளைக்கு ஆரம்பிக்கலாம்."

"நாளைக்கு ஐ.டி.ஐ. லீவு, சாவி உங்க வூட்ல. நாங்க தசரா ஊர்வலத்து யானையைத்தான் பாத்துக்கிட்டு நிக்கோணும்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அதற்குள் அவள் மெயின் ஸ்விட்சைப் போட்டுவிட்டாள். மெஷினுக்குள் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது, திரை வெளிச்சமாகியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, உண்மையாகவே. அடுத்த நிமிஷம் திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள், வரிக்கு வரி எச்சரிக்கை. அவள் எதை அழுத்தினாலும் அது அசையவில்லை.

"உடைச்சுட்டியே!" என்றார் சார். அவர் கையிலிருந்த கற்பூரம் அணைந்துபோயிருந்தது. தலைவர் எழுந்து, சால்வைக்குக்கூட நிற்காமல் காருக்குப் போய்விட்டார்.

தசரா லீவு முடிந்து வந்ததும் பஞ்சாயத்து. தவறுக்கு வருந்துகிறேன் என்று நிர்மலா எழுதித்தர வேண்டும், இல்லாவிட்டால் காண்ட்ராக்ட் முடிந்தது. "வருத்தமே இல்லியே, எப்படி எழுதறது?" என்றாள். நான் நடுவில் புகுந்து, "ரெண்டு வரிதானே, நான் டைப் பண்ணித் தர்றேன், சைன் மட்டும் போடு" என்றேன். "ஜூலி அக்கா, நீங்க டீயைக் குடிங்க" என்றாள். குடித்தேன்.

அந்தச் சண்டை நடக்கும்போதே மெஷினை விற்ற கம்பெனியின் சர்வீஸ் ஆள் பெங்களூரிலிருந்து வந்துவிட்டார். சார்தான் கூப்பிட்டிருந்தார், நிர்மலா எதை உடைத்தாள் என்று அவர் வாயால் சொல்ல வைப்பதற்காக. அவர் பின்பக்கக் கதவைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, எத்தனை நாளாக ஓட்டவில்லை என்று கேட்டார். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிர்மலா சொன்னாள்.

"உள்ளே ஒரு பாட்டரி இருக்கு மேடம். மெஷினோட ஞாபகமெல்லாம் அதுலதான் நிக்குது. கரண்ட் போட்டு ஓட்டிக்கிட்டே இருந்தா அது செலவாகாது. நிறுத்தி வெச்சாத்தான் தீரும். தீர்ந்துபோச்சு, மெஷின் எல்லாத்தையும் மறந்துடுச்சு. வேற ஒண்ணுமில்ல, பாட்டரி மாத்தி மறுபடி ஏத்தித் தர்றேன்."

"சார், கேட்டுக்கிட்டீங்களா? இன்னொருக்கா சொல்லச் சொல்லட்டுமா?" என்றாள் நிர்மலா. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. சார் தன் அறைக்குப் போனார். வருத்தக் கடிதத்தைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

சர்வீஸ் ஆள் ஒரு நாள் முழுக்க இருந்தார். அவரை அவள் டீ குடிக்கக்கூட விடவில்லை. இது என்ன, அது என்ன என்று குடைந்து எடுத்துவிட்டாள். சார் பூட்டைத் திரும்ப மாட்டவில்லை. அன்றிலிருந்து மெஷின் ஓடியது. பாக்கியலட்சுமி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள், போன வருஷம் அவளோடு பேக்கிங்குக்குப் போனவர்களையும் கூட்டிக்கொண்டு. படித்து முடித்தவர்கள் உள்ளே வரக்கூடாது என்று விதி உண்டு. வாட்ச்மேனிடம் அதை விசாரிக்க நிர்மலா போனாள். அவள் போட்ட சத்தத்தில் அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

முதல் பாடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், மிச்ச வேலைக்காக நானும் ஆபீசுக்கு வந்திருந்தேன். நிர்மலா எல்லோரையும் சுற்றி நிற்க வைத்துச் சொன்னாள். "எனக்கும் இது தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நான் முதல்ல தப்புப் பண்றேன், அப்பறம் நீங்க பண்ணுங்க." சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். எண்ணைக் கொடுக்கும்போது பின்னால் புள்ளி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மெஷின் ஐம்பது மில்லிமீட்டரை முடிக்கனம்கூட இல்லாத தூரமாக எடுத்துக்கொள்ளும். வாயால் அதைச் சொல்லிக்கொடுத்த அவளே புள்ளியை மறந்தாள். ஐம்பது மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டிய டூல், அதாவது இரும்பைக் கடைகிற முனை, நேரே போய்ச் சுற்றிக்கொண்டிருந்த இரும்பில் மோதியது. சுவருக்கு இந்தப் பக்கம் என் டம்ளர் குதித்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிள்ளைகள் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். நிர்மலா உடைந்த டூல் முனையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்கிட்டீங்களா? இப்படித்தான் உடையும். உடைஞ்சது டூலு, மெஷின் இல்ல. யாரும் சாகல. அடுத்தது யாரு?"

யாரும் நகரவில்லை. பாக்கியலட்சுமி முன்னால் வந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் புள்ளி வைத்துவிட்டுத் திரும்பித் திரும்பி நிர்மலாவைப் பார்த்தாள். "என் மூஞ்சில என்ன இருக்குது? மெஷினைப் பாரு!" என்று ஒரு அதட்டல். மெஷின் ஓடி, இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது.

டூல் உடைந்த சேதி டிரஸ்டுக்கு எப்படியோ போய்விட்டது. மறுநாளே உத்தரவு: அறையைப் பூட்டு, டிரஸ்ட் கூடி முடிவெடுக்கிறவரை யாரும் தொடக்கூடாது. கம்பெனி ஆள் எடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, டிரஸ்ட் எப்போது கூடும் என்று டிரஸ்டுக்கே தெரியாது. டிரஸ்ட் ஃபோனில் சொன்ன உத்தரவை டைப் அடித்தவள் நான். அடித்துவிட்டு, காகிதம் பிரிண்டரில் இருக்கும்போதே எழுந்து பட்டறைக்குப் போய் நிர்மலாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஸ்பேனர் செட்டைக் கேட்டாள்.

மறுநாள் காலை சார் புதுப் பூட்டோடு வந்தார். டிரஸ்ட் வாங்கிக் கொடுத்த பூட்டு, கைக்கு அடங்காத சைஸ். அறைக்கு முன்னால் போய் அப்படியே நின்றுவிட்டார். பூட்டுவதற்குக் கதவு இல்லை. சுவரில் கீல் இருந்த இடம் மட்டும் இருந்தது.

"கதவு எங்கம்மா?"

"அங்க இருக்குதுங்க."

அறை நடுவில் நாலு இரும்புக் கால்களின் மேல் அந்தக் கதவு படுத்துக் கிடந்தது. போல்ட் போட்டு இறுக்கி, மேலே இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் பொருத்தி, புதுப் பிள்ளைகள் வரிசையாக நின்று அதன்மேல் அரம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பெஞ்சு பத்தலைன்னு ரெண்டு வருஷமா கேக்கறேன். நீங்களும் பாக்கலாம் பாக்கலாம்னீங்க. நாங்களே பண்ணிக்கிட்டோம்."

"இது டிரஸ்ட் சொத்து நிர்மலா!"

"அந்தப் புள்ளைங்க யாரு சொத்துங்க? அதுங்க படிக்கற ரெண்டு வருஷத்தையும் பூட்டி வெச்சீங்களே, அதுக்கு எந்த உத்தரவு வந்துச்சு? என்னை வேலையை வுட்டு எடுக்கோணும்னா எடுங்க. கம்பெனி ஆளெடுத்து முடியற வரைக்கும் வெளிய போக மாட்டேன். கழுத்தைப் புடிச்சுத் தள்ளினாலும் சன்னல் வழியா வருவேன்."

சார் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிள்ளைகள் அரத்தை நிறுத்தவில்லை. கடைசியில் என் மேசைக்கு வந்து பூட்டை வைத்தார். "ஜூலி, டிரஸ்டுக்கு ஒரு பதில் அடி. கதவு பழுதா இருக்கு, சரி பண்ணிக்கிட்டு இருக்கோம்னு." எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. பிரின்சிபால் என்பதால் விட்டுவிட்டேன். அந்தக் கதவு இன்றுவரை பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

கம்பெனிக்குப் போகும் நாள் வந்தது. இந்தத் தடவை சார் யாருக்கும் தைரியம் சொல்லவில்லை. வேனில் பாக்கியலட்சுமியும் ஏறினாள், பேக்கிங்குக்கு லீவு சொல்லிவிட்டு. பேப்பர் வேலைக்காக நானும் போனேன். கம்பெனி அதிகாரி கோவைக்காரர். பட்டியலைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் பெயர் இதில் இல்லையே என்றார். சார் தொண்டையைக் கனைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நிர்மலா முன்னால் போய்விட்டாள்.

"போன வருசம் இந்தப் புள்ளையைப் பொய் சொல்லச் சொல்லி அனுப்புனோம் சார், இதே எடத்துக்கு. நீங்க சிரிச்சீங்க. சிரிச்சிருக்கோணும் எங்களைப் பாத்து. இன்னைக்கு மெஷின் முன்னால நிறுத்திட்டு அப்பறம் சிரிங்க."

சார் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். அதிகாரி பட்டியலை மூடினார். பிறகு கடைய வேண்டிய துண்டின் வரைபடத்தை எடுத்துப் பாக்கியலட்சுமியிடம் நீட்டினார்.

அவள் சுவிட்சைத் தேடவில்லை. வரைபடத்தை ஒட்டிவைத்தாள், இரும்பை மாட்டினாள், எண்களைக் கொடுத்தாள், ஒரு தடவை வெறுமனே ஓடவிட்டுப் பார்த்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, தான் கொடுத்த எண் தவறு என்று தானாகவே சொல்லித் திருத்தினாள். அதிகாரி அதைத்தான் கவனித்தார் என்று நினைக்கிறேன். கடைந்த துண்டை எடுத்து அளந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நல்லா பண்ணிருக்கே. யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

பாக்கியலட்சுமி நிர்மலாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லிக்கொடுக்க யாருக்கும் தெரியாது சார். இவங்க கதவைக் கழட்டிட்டாங்க. நாங்களே உள்ள போய்க் கத்துக்கிட்டோம்."